ஏரிக்கரைக் குதிரையின் திறன்

கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கும் குதிரைகளுக்கும் பகை வந்துவிட்டது. வத்தலக்குண்டிலிருந்து கொண்டுவந்த இரண்டே நல்ல சேலைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஏரிச் சாலையில் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். டூரிஸ்ட் ஒருவரைச் சுமந்துகொண்டு வந்த குதிரை, சரியாக என் பக்கத்தில் தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரில் காலை வைத்தது. இடுப்புவரை சேறு. டூரிஸ்ட் 'ஸாரி' என்றார். குதிரையைப் பிடித்து வந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கோபத்தை உள்ளே வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அதே சேற்றுச் சேலையோடு வகுப்புக்குள் நுழைந்து, "இந்தக் குதிரைக்காரங்களையெல்லாம் மலையை விட்டே விரட்டணும். மனுஷங்களா இவங்க?" என்று சொல்லிவிட்டுத்தான் சாக்பீஸை எடுத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு மறந்தும் போனேன்.

எழுபதுகளின் கடைசி அது. பிளஸ் டூ என்ற புதுப் படிப்பு அப்போதுதான் வந்திருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளி எங்களுடையது. பழைய பாட்டு அறையைக் காலி செய்து 'பிளஸ் ஒன்' என்று பலகை மாட்டி, பதினொரு பெண்களை உட்கார வைத்து, இயற்பியலுக்கு என்னை அமர்த்தியிருந்தார்கள். ஆய்வகம் என்பது ஓர் அலமாரி. அதற்குள் நான்கு வில் தராசு, இரண்டு கப்பி, ஒரு சாய்தளப் பலகை. ஸ்டாப் வாட்ச் ஒன்றே ஒன்று இருந்தது. அதைத் தலைமையாசிரியையான மதர் தன் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். வாங்கும்போது ஒரு கையெழுத்து, திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கையெழுத்து.

பதினொரு பேரில் எட்டுப் பேர் விடுதிப் பெண்கள். கீழ்நாட்டிலிருந்தும் எஸ்டேட்டுகளிலிருந்தும் வந்தவர்கள். மூன்று பேர் நாயுடுபுரத்திலிருந்து நடந்து வருகிறவர்கள். அந்த மூவரில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். மெலிந்த பெண். கேட்டால்தான் பேசுவாள். கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். வருகைப் பதிவேட்டுக்காக அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று ஒவ்வொருவரையும் கேட்டபோது, அவள் எழுந்து நின்று "டூரிஸம், டீச்சர்" என்றாள். ஏதோ ஓட்டலில் கணக்கு எழுதுகிறவராக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பக்கத்து பெஞ்சில் இருந்த மற்ற இரண்டு நாயுடுபுரத்துப் பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மாதத்தில் 'வேலை, ஆற்றல், திறன்' பாடத்துக்கு வந்தோம். எனக்கு மிகவும் பிடித்த பாடம். விசையை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலை. அந்த வேலையை எவ்வளவு நேரத்தில் செய்தோமோ அந்த நேரத்தால் வகுத்தால் திறன். சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலையில் சுமையோடு சமதரையில் எவ்வளவு தூரம் நடந்தாலும் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை பூஜ்யம் என்று சொன்னதும் வகுப்பில் கலகம் வந்துவிட்டது.

"டீச்சர், வில்பட்டியிலிருந்து முட்டைக்கோஸ் மூட்டையத் தலையில வச்சு நடந்து வர்றாங்களே, அவங்ககிட்ட போய் இதைச் சொல்லுங்க பாப்போம்" என்றாள் விடுதித் தலைவி. நீளமான பெண், நாக்கும் நீளம்.

"சமதரைன்னு சொன்னேன். வில்பட்டிப் பாதை சமதரையா? உயரம் ஏறினா வேலை உண்டு. எந்த வழியா ஏறினாலும் உயரம் ஒண்ணுன்னா வேலையும் ஒண்ணுதான்" என்றேன். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கோ நம்பாதவர்களைக் கண்டால் ஆகாது. கிளம்புங்கள் என்று எல்லாரையும் வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

ஏரிக்கரையிலிருந்து எங்கள் பள்ளி வாசலுக்கு நேராக ஏறும் கல் படிக்கட்டு ஒன்று உண்டு. வண்டி, குதிரை எல்லாம் சுற்றுச் சாலையில் வரும். நடக்கிறவர்களுக்குப் படி. அந்தப் படிகளை எண்ணச் சொன்னேன். மூன்று தடவை எண்ணியும் இருநூற்று நாற்பது. ஒரு படிக்குப் பதினைந்து சென்டிமீட்டர். ஆக, ஏரிக்கும் எங்கள் வாசலுக்கும் முப்பத்தாறு மீட்டர் உயரம். சாலை சுற்றிச் சுற்றி வந்தாலும் உயரம் அதேதான் என்பதால், இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறுகிற எதையும் அளந்துவிடலாம்.

முதலில் எங்களையே அளந்தோம். ஒவ்வொருத்தியாக ஓடி ஏற, கீழிருந்து கைக்குட்டையை ஆட்ட, மேலிருந்து வாட்சை அமுக்க, மலையே அதிர்ந்தது. நாயுடுபுரத்துப் பெண் மூச்சு வாங்காமல் ஏறிவந்து முதலாவதாக நின்றாள். குதிரைத் திறன் கணக்கில் அவளுக்கு ஐந்தில் ஒரு பங்கு வந்தது. நான் நடுவில் இரண்டு இடங்களில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதால் எனக்குப் பத்தில் ஒரு பங்குதான். "டீச்சர் மாதிரி பத்துப் பேரு சேந்தா ஒரு குதிரை" என்று விடுதித் தலைவி சத்தமாகவே கணக்குப் போட்டாள்.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு குதிரைத் திறன் என்றால் எழுநூற்று நாற்பத்தாறு வாட் என்று புத்தகம் சொல்கிறது. கீழே ஏரிக்கரையில் நிஜக் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. அளந்து பார்த்தால் என்ன? அடுத்த வாரம் பெற்றோர் நாள். கண்காட்சிக்கு எல்லா வகுப்பும் ஏதாவது செய்ய வேண்டும். மற்ற வகுப்புகள் எரிமலையும் இதயமும் செய்துகொண்டிருக்க, நாங்கள் ஒரு குதிரையை அளந்து வைத்தால் மதர் அசந்துபோவார்.

பள்ளி வாட்ச்மேனிடம் ஒரு குதிரைக்காரரை அழைத்துவரச் சொன்னேன். காலை எட்டு மணிக்கே பனியில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கம்பளிக் குல்லா, யாரோ கொடுத்த பெரிய கோட். சிவப்புக் குதிரை. உயரம் என் தோளுக்கு வரும், அவ்வளவுதான்.

"எதுக்குங்க டீச்சரம்மா இது?"

"உங்க குதிரைக்கு எவ்வளவு திறன் இருக்குனு பாக்கணும்."

"நல்லா பாருங்க" என்றார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. "ஏரியில இதுக்குச் சோடி கெடையாதுங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு குதிரையையும் தரையையும் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். நாயுடுபுரத்துப் பெண் நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தாள். அதையும் கூச்சம் என்றே நினைத்தேன்.

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து குதிரையின் நெஞ்சைச் சுற்றி இஞ்ச் டேப்பை வைத்து, நீளத்தையும் அளந்து, மனக்கணக்காக நூற்றுத் தொண்ணூறு கிலோ என்றார். சேணம் பத்து. சவாரிக்கு நான், ஐம்பது. மொத்தம் இருநூற்றைம்பது. சமையலறை ஸ்டூலில் ஏறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு பிள்ளைகள் தள்ளிவிட நான் குதிரைமேல் உட்கார்ந்த அழகைப் பார்த்து வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குதிரை கிளம்பியது. படிக்கட்டின் அடியிலிருந்து சுற்றுச் சாலையில் நன்றாகத்தான் நடந்தது. முதல் வளைவில், ஏரி முழுதாகத் தெரியும் இடத்தில் போய் நின்றது. நின்றதென்றால் ஆணி அடித்த மாதிரி. முகத்தை மட்டும் பள்ளத்துப் பக்கம் திருப்பி, காதை நிமிர்த்தி வைத்துக்கொண்டது. குதிரைக்காரர் நாக்கைச் சொடுக்கினார், கயிற்றை இழுத்தார், விலாவில் தட்டினார். அசையவில்லை.

"டீச்சர், களைச்சுப் போச்சு" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"களைப்பில்லைங்க, அது பழக்கம்ங்க டீச்சரம்மா, இங்க வந்து…" என்று அவர் ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. நேரம் ஓடுது. இழுங்க" என்றேன்.

அவர் பேசாமல் இழுத்தார். தனக்கே தோன்றியபோது குதிரை கிளம்பியது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் அதே மாதிரி ஒரு நிறுத்தம். அதற்கு மேல், பூச்செடிகள் வைத்த பங்களா வாசலில் இன்னொன்று. பள்ளி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வாட்சில் பத்து நிமிடம் ஓடியிருந்தது.

கணக்கு கரும்பலகையில் இரண்டே வரி. இருநூற்றைம்பது கிலோ, புவியீர்ப்புக்குப் பத்து, உயரம் முப்பத்தாறு. பெருக்கினால் தொண்ணூறாயிரம் ஜூல் வேலை. அறுநூறு வினாடியால் வகுத்தால் நூற்றைம்பது வாட். ஒரு குதிரைத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு. நோஞ்சான் பெண்ணொருத்திக்கும் நாலு கால் பிராணிக்கும் ஒரே விடை வருகிறதே, எங்கோ உதைக்கிறதே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பட்டம் வாங்கியவளின் கண்ணுக்கு வாட்ச் மட்டும்தான் தெரிந்தது. அளந்தோம், வந்தது, எழுது என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பிலேயே நல்ல கையெழுத்து நாயுடுபுரத்துப் பெண்ணுடையது. ஆகவே கண்காட்சிப் பலகையை அவளைத்தான் எழுதச் சொன்னேன். 'நமது ஏரிக்கரைக் குதிரையின் திறன்' என்று தலைப்பு. கீழே கணக்கு. அதற்குக் கீழே நான் சொல்லச் சொல்ல ஒரு குறிப்பு: 'மேடு ஏறும்போது குதிரை களைப்படைந்து மூன்று முறை நின்றது.' எழுதும்போது ஒரு தடவை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்று எழுதி முடித்தாள்.

பெற்றோர் நாளுக்கு ஊரே வந்தது. எரிமலையை யாரும் சீந்தவில்லை. எல்லாக் கூட்டமும் எங்கள் பலகைக்கு முன்னால்தான். மதர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை நாயுடுபுரத்துப் பெண் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் ஆசிரியர் அறை வாசலில் அந்தக் குதிரைக்காரர் வந்து நின்றார். குல்லாவைக் கையில் பிடித்திருந்தார்.

"ரெண்டு நாளா என் குதிரையில ஒருத்தரும் ஏறலைங்க. அடுத்த குதிரைக்காரப் பயலுக, 'சார், அது முழுக் குதிரை இல்ல, காக்கிலோ குதிரை, அதுல ஏறாதீங்க, பாதி வழியில படுத்துக்கும்'னு டூரிஸ்டுககிட்ட சொல்றானுக. காய்கறிக்காரி வரைக்கும் 'காக்கிலோ வருது'ன்னு சிரிக்கிறா. இதுக்காங்க வெள்ளனே வந்து குதிரையக் குடுத்தேன்?"

நான் எழுந்து நின்றேன். தப்பை ஒத்துக்கொள்வதற்கு அல்ல, வாதாடுவதற்கு. "நாங்க ஒண்ணும் இட்டுக்கட்டி எழுதலை. அளந்ததைத்தான் எழுதினோம். அறிவியல் பொய் சொல்லாது" என்றேன்.

"அறிவியலு சொல்லலைங்க. நீங்க சொன்னீங்க. அது களைச்சு நின்னுச்சுன்னு நீங்க சொன்னீங்க. அது நின்ன மூணு எடமும் போட்டோக்காரங்க நிக்கிற எடம்ங்க. டூரிஸ்ட ஏத்திக்கிட்டு மேல போற குதிரை அங்க நிக்கணும், மொகத்தத் திருப்பணும், கேமரா கிளிக்குனு சத்தம் போட்டாத்தான் நகரணும். வாங்குன நாள்லருந்து அப்படிப் பழக்கி வச்சிருக்கேன். அன்னிக்கு வெள்ளனே போட்டோக்காரன் ஒருத்தனும் வரலை. அது கிளிக்குக்காகக் காத்துக்கிட்டு நின்னுச்சுங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். வேலை தொண்ணூறாயிரம் ஜூல், அதில் பிழையில்லை. நின்றாலும் ஓடினாலும் வேலை அதேதான். ஆனால் திறனில் நேரம் வருகிறது. குதிரை தன் கடமையைச் செய்துகொண்டு நின்ற நேரத்தையெல்லாம் அதன் பலவீனமாகக் கணக்கில் ஏற்றிவிட்டேன். அவர் சொல்ல வந்தபோது பேசாதீங்க என்று வாயை அடைத்ததும் நான்தான்.

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"உங்க கூடவே ஒருத்தி இருந்தாளேங்க. தெனம் வெள்ளனே அந்தக் குதிரைய ஏரியச் சுத்திக் கூட்டிட்டுப் போறவ. அவளுக்குத் தெரியாததா?"

"யாரு?"

"பலகையில எழுதுனாளே, எம் மக."

டூரிஸம் என்று அவள் சொன்னது, அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றது, எழுதும்போது திரும்பிப் பார்த்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவரே சொன்னார். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டாளாம். சரி, பிள்ளை ஆசைப்படுகிறது என்று அவரும் வழியில் கண்டால் தெரியாத மாதிரிப் போய்விடுவாராம். ஏன் தெரியக் கூடாது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மலையை விட்டே விரட்டணும் என்று நான் சொன்ன அன்று அவள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லும் தைரியம் வரவில்லை.

"அவளை அனுப்புங்க. நான் பேசிக்கிறேன்" என்றேன்.

"படிச்சு வந்து எஞ் சோலியவே கெடுக்குற படிப்பு எதுக்குங்க? பழனியில அவ அத்தை வீட்டுல பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்காங்க. தை மாசம் முடிச்சிரலாம்னு பாக்குறேன்." பிறகு, "ஒண்ணு செய்ங்க. மறுபடி அளங்க. இதே பலகையில, இதே அளவு எழுத்துல, முழுக் குதிரைன்னு எழுதிப் போடுங்க. போட்டா அவ வருவா. இல்லாட்டி வீட்டுலயே கெடக்கட்டும்" என்றார்.

பதினாறு வயதுப் பெண்ணின் படிப்பு என் கணக்கில் வந்து தொங்கியது. அவர் முன்னாலேயே காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தேன். முழுக் குதிரை வர வேண்டுமென்றால் அந்த மேட்டை இரண்டு நிமிடத்தில் ஏறியாக வேண்டும். என் தோள் உயரக் குதிரை, இருநூற்றைம்பது கிலோவோடு.

சனிக்கிழமை காலை. இந்தத் தடவை ஊர் கூடியிருந்தது. காக்கிலோ என்று பெயர் வைத்த குதிரைக்காரர்களும் வந்திருந்தார்கள். போட்டோக்காரர்கள் மூவரும் தத்தம் இடத்தில் கேமராவோடு தயார். பிலிம் போடாத கேமரா. குதிரை பத்தடி தள்ளி வரும்போதே அமுக்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு. நாயுடுபுரத்துப் பெண்ணையும் அப்பா அழைத்து வந்திருந்தார். அவள் அவரிடமிருந்து ஏழெட்டு அடி தள்ளியே நின்றாள். குதிரை மட்டும் கழுத்தை நீட்டி அவள் பையை மோந்து பார்த்தது. அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

ஸ்டாப் வாட்சை அவளிடம் கொடுத்தேன். "குதிரையோட ஓடணும். உன்னாலதான் முடியும்" என்றேன்.

நான் ஏறி உட்கார்ந்ததும் அவர் குதிரையின் காதில் ஏதோ சொன்னார். அவ்வளவுதான். பிறகு நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். கிளிக், கிளிக், கிளிக் என்று மூன்று சத்தம் கேட்டது. அப்பாவும் குதிரையும் ஓட, அந்தப் பக்கம் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகள் ஓட, என் கொண்டை அவிழ்ந்து, ஒரு செருப்பு யூகலிப்டஸ் மரத்தடியில் விழுந்து, பள்ளி வாசலுக்கு வந்துவிட்டோம். குதிரை எங்கேயும் நிற்கவில்லை. ஊரே கை தட்டியது.

"எவ்வளவு?" என்றேன்.

"நூத்தம்பது வினாடி டீச்சர்" என்றாள் அவள்.

வாசல் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையில் நானே கணக்குப் போட்டேன். தொண்ணூறாயிரத்தை நூற்றைம்பதால் வகுத்தால் அறுநூறு வாட். எழுநூற்று நாற்பத்தாறுக்கு அறுநூறு. பத்துக்கு எட்டு. எட்டு என்று எழுதப் போன கை அப்படியே நின்றது.

விடுதித் தலைவி என் காதருகே வந்தாள். "டீச்சர், படி இருநூத்தி நாப்பதுதானா? முந்நூறு இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்."

மனதிலேயே போட்டுப் பார்த்தேன். முந்நூறு படி என்றால் நாற்பத்தைந்து மீட்டர். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஜூல். நூற்றைம்பதால் வகுத்தால் எழுநூற்றைம்பது வாட். முழுக் குதிரை, நாலு வாட் மிச்சம். இந்தப் பெண் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். என் பாடத்தை அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். மறைக்க என்ன இருக்கிறது? யார் போய்ப் படி எண்ணப் போகிறார்கள்? அறுபது கல் படி பெரிதா, ஒரு பெண்ணின் படிப்பு பெரிதா? அறிவியல் பொய் சொல்லாது என்று சொன்ன அதே வாய் பொய்க்குத் தயாராக இருந்தது. பலகையில் இருந்த 'ஐந்தில் ஒரு பங்கு' என்ற பழைய விடையை அழித்தேன்.

"முழுசா வந்துச்சுங்களா?" குதிரைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. குல்லா எங்கேயோ விழுந்திருந்தது. மற்ற குதிரைக்காரர்கள் அவர் பின்னால் நெருங்கி நின்றார்கள்.

நான் வாயைத் திறந்தேன்.

"இல்லப்பா" என்றாள் அவள். "பத்துக்கு எட்டு."

அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. விடுதிப் பெண்கள் எட்டுப் பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குதிரைக்காரரைப் பார்த்தார்கள். பிறகு மறுபடியும் அவளை. குதிரைக்காரர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப மிச்சம் ரெண்டு எங்க போச்சு?" என்றார் மெதுவாக.

"எங்கயும் போகலப்பா. இந்தக் கணக்கு வெள்ளைக்காரன் ஊருல வண்டி இழுக்குற பெரிய குதிரையப் பாத்துப் போட்டது. நம்ம குதிரை சின்னது. சின்னதா இருந்துக்கிட்டு அதுல பத்துக்கு எட்டு வருது. டீச்சர் மாதிரி எட்டுப் பேருக்குச் சமம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நானாக இருந்தால் அந்த ஆளை ஒரு பார்வை பார்த்திருப்பேன். அவர் திரும்பவே இல்லை. மகள் கையில் இருந்த வாட்சை, அவள் முகத்தை, பலகையில் நான் அழித்துவிட்ட வெள்ளைத் தடத்தைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் சாக்பீஸை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி, அந்தத் தடத்தின் மேலேயே தன் அச்செழுத்தில் எட்டு என்று எழுதினாள். குறிப்பையும் அழித்துவிட்டு, 'குதிரை எங்கும் நிற்கவில்லை' என்று எழுதினாள்.

அவர் குதிரையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். போகத் திரும்பியவர் நின்று, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடம் எத்தனை மணிக்குங்க?"

"ஒம்பதே காலுக்குப்பா" என்றாள் அவள்.